வீடு எரிந்தது ஏன்? காரணத்தைக் கண்டறிய ஒரு வழிகாட்டி

ஊர் திரும்பும் குடும்பங்களில் பலர் முதலில் குடியிருப்பது தற்காலிகக் கொட்டிலில்தான். கிடுகு, தறப்பாள், தகரம், காட்டுத்தடி ஆகியவற்றால் கட்டிய கொட்டிலில் சமையலும் படுக்கையும் அருகருகே இருக்கும். மின்சாரம் கிடைக்கும் வரை குப்பி விளக்குதான் வெளிச்சம். மின்சாரம் கிடைத்த பிறகு ஒரே பிளக்கில் பல வயர்கள் தொங்கும். வேறு சிலர் பல வருடங்களாகப் பூட்டிக் கிடந்த சொந்த வீட்டுக்கே திரும்புகிறார்கள். அங்கே கூரைக்குள் எலி கடித்த பழைய வயறிங் இருக்கும்.

இப்படியான வீடுகளில் தீ பிடித்தால் சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடும். பல கிராமங்களில் தீயணைப்பு வண்டி வந்து சேர நேரம் எடுக்கும். 2016 செப்டெம்பரில் கிளிநொச்சிப் பொதுச்சந்தை எரிந்தபோது அந்த மாவட்டத்தில் ஒரு தீயணைப்புப் பிரிவுகூட இருக்கவில்லை. ஆகவே தீயை அணைப்பவர்களும், அதன் பிறகு என்ன நடந்தது என்று முதலில் பார்ப்பவர்களும் பெரும்பாலும் நீங்களும் உங்கள் அயலவர்களும்தான்.

தீ அணைந்த பிறகு என்ன செய்ய வேண்டும், தீ எங்கே, எதனால் தொடங்கியது என்பதை எப்படிக் கண்டறிவது, யாரிடம் சொல்வது என்பவற்றை இந்தக் கட்டுரை விளக்குகிறது. நீங்கள் பொலிஸாருடைய வேலையைச் செய்ய வேண்டியதில்லை. அவர்கள் வரும்வரை தடயங்களைக் காப்பாற்றி, கண்டதைச் சரியாகச் சொன்னாலே பெரிய உதவி.

காரணத்தை ஏன் தேட வேண்டும்?

முதலாவது காரணம், அதே தீ திரும்ப வரக்கூடாது என்பது. எரிந்த இடத்தில் அதே மாதிரியான கொட்டிலை, அதே இடத்தில் அடுப்பை, அதே வயரை வைத்துக் கட்டினால் ஆபத்தும் அப்படியே திரும்பி வரும். உங்கள் கிராமத்தில் உள்ள மற்றக் கொட்டில்களும் பெரும்பாலும் ஒரே மாதிரிக் கட்டப்பட்டவை. ஒரு வீட்டின் காரணம் தெரிந்தால் பல வீடுகளைக் காப்பாற்றலாம்.

இரண்டாவது, உதவி பெறுவது. பிரதேச செயலகமோ நிறுவனங்களோ நிவாரணம் வழங்கும்போது என்ன நடந்தது என்று கேட்பார்கள். பொலிஸ் முறைப்பாட்டில் ஒரு காரணமும் கிராம அலுவலருக்குக் கொடுத்த கடிதத்தில் வேறொரு காரணமும் இருந்தால் தாமதம் ஏற்படும்.

மூன்றாவது, அயலவர்களுக்கு இடையிலான உறவு. மீள்குடியேறிய கிராமங்களில் எல்லைப் பிரச்சினை, காணிப் பிரச்சினை, பழைய மனக்கசப்பு என்பன இருக்கலாம். வீடு எரிந்த அன்று இரவே, “இது தானாகப் பற்றினது இல்லை, ஆரோ வைச்சது” என்ற கதை வந்துவிடும். அந்தக் கதை தவறாக இருந்தால் குற்றம் செய்யாத ஒரு குடும்பம் ஊரில் தலைகாட்ட முடியாது போகும். அது உண்மையாக இருந்து, “கரன்ட் கோளாறு” என்று மூடப்பட்டால் குற்றம் செய்தவர் தப்பிவிடுவார். இரண்டுமே அநியாயம்தான். இரண்டையும் தடுக்க ஒரே வழி, எரிந்த இடத்தைக் கவனமாகப் பார்ப்பது.

முதலில் பாதுகாப்பு

தீ அணைந்துவிட்டது என்று நினைத்து உடனே உள்ளே போக வேண்டாம்.

1. யாருக்காவது எரிகாயம் இருந்தால் முதலில் அவர்களைக் கவனியுங்கள். எரிந்த இடத்தில் ஓடும் சுத்தமான தண்ணீரை 20 நிமிடம் ஊற்றுங்கள். பற்பசை, எண்ணெய், மாவு எதுவும் பூச வேண்டாம். பிறகு சுத்தமான துணியால் மூடி வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.

2. மின்சாரம் இருந்தால் பிரதான சுவிட்சை நிறுத்துங்கள். அதை நெருங்க முடியாவிட்டால் மின்சார சபைக்கு அறிவியுங்கள். வயர் தொங்கும் இடத்தில் ஈர நிலத்தில் நிற்க வேண்டாம்.

3. காஸ் சிலிண்டர் இருந்தால், மணம் போகும்வரை நெருப்புக்குச்சி, விளக்கு, சுவிட்ச் எதையும் தொட வேண்டாம். சமையல் காஸ் காற்றைவிடப் பாரமானது. அது நிலத்தோடு படிந்து பள்ளமான இடங்களில் தங்கி நிற்கும்.

4. பழைய வீட்டின் சுவர், வளை, தீராந்தி என்பன தீயில் பலம் இழந்திருக்கும். அவற்றின் கீழே நிற்க வேண்டாம்.

5. அஸ்பெஸ்டஸ் கூரைத்தகடு உடைந்திருந்தால் அதன் தூசியைச் சுவாசிக்கக்கூடாது. தண்ணீர் தெளித்த பின்பே, வாய் மூக்கை மூடிக்கொண்டு அருகே செல்லுங்கள். பிள்ளைகளை விட வேண்டாம்.

6. எரிந்த சாம்பலுக்குள் அல்லது மண்ணுக்குள் இனந்தெரியாத இரும்புப் பொருள் ஏதாவது தெரிந்தால் தொட வேண்டாம், கிண்ட வேண்டாம், தண்ணீர் ஊற்றவும் வேண்டாம். வந்த வழியாலேயே திரும்பி வந்து, மற்றவர்கள் போகாதபடி தடுத்து, 119 இற்கு அல்லது கிராம அலுவலருக்கு அறிவியுங்கள். போர் நடந்த காணிகளில் குப்பையோ பற்றையோ எரியும்போது மண்ணுக்குள் கிடக்கும் வெடிபொருள் சூடாகி வெடிக்கலாம். வெடிக்காமல் எஞ்சியதும் ஆபத்தானதே.

இடத்தைக் கலைக்க வேண்டாம்

அடுத்த நாள் காலையில் உறவினர்களும் அயலவர்களும் உதவிக்கு வருவார்கள். எரிந்த தகரத்தை இழுத்து, சாம்பலைக் கூட்டி, முற்றத்தைத் துப்புரவாக்கிவிடுவார்கள். அன்பினால் செய்யும் இந்த வேலையில்தான் தடயங்கள் பெரும்பாலும் அழிகின்றன. பொலிஸார் பார்க்கும்வரை சுற்றிவர ஒரு கயிறு கட்டி விடுங்கள். அவசரமாக எடுக்க வேண்டிய பொருள் இருந்தால் எடுப்பதற்கு முன் படம் பிடியுங்கள்.

கைத்தொலைபேசியால் இப்படிப் படம் எடுங்கள்:

- முதலில் தூரத்தில் நின்று நான்கு பக்கமும்.
- பிறகு ஒவ்வொரு சுவர், ஒவ்வொரு தூண், கூரையின் எஞ்சிய பகுதி.
- அடுப்பு இருந்த இடம், விளக்கு இருந்த இடம், பிளக், மீற்றர் பெட்டி, காஸ் சிலிண்டர்.
- எரியாமல் தப்பிய பகுதிகள். எரியாத பகுதியும் எரிந்த பகுதி அளவுக்குச் செய்தி சொல்லும்.

ஒரு கொப்பியில் வீட்டின் வரைபடத்தைக் கீறுங்கள். அடுப்பு, கட்டில், வாசல், யன்னல், மின்வயர் போன பாதை, வேலி, கிணறு ஆகியவற்றைக் குறியுங்கள். அன்று காற்று எந்தப் பக்கத்தில் இருந்து அடித்தது என்று அம்புக்குறி போடுங்கள். சோளகக் காற்று வீசும் மாதங்களில் தென்மேற்கு மூலையில் தொடங்கிய சிறு தீ வடகிழக்குப் பக்கத்து வேலிக்கும் அடுத்த வளவுக்கும் வேகமாகப் போகும். காற்றைக் கணக்கில் எடுக்காமல் பார்த்தால், அதிகம் எரிந்த பக்கத்தில்தான் தீ தொடங்கியது என்று தவறாக நினைத்துவிடுவோம்.

கேட்க வேண்டிய கேள்விகள்

தீயைக் கண்டவர்களிடம் அன்றைக்கே கேட்டு எழுதி வையுங்கள். இரண்டு நாள் போனால் எல்லோரும் ஒரே கதையைச் சொல்லத் தொடங்கிவிடுவார்கள். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள்.

- முதலில் கண்டது புகையா, சுவாலையா? எந்த மூலையில்? எத்தனை மணிக்கு?
- அந்த நேரத்தில் வீட்டில் மின்குமிழ் எரிந்துகொண்டிருந்ததா?
- சத்தம் கேட்டதா? தீயைக் காண்பதற்கு முன்னா, பின்னா?
- கடைசியாக வீட்டை விட்டுப் போனவர் யார்? எத்தனை மணிக்கு? அடுப்பில், விளக்கில் நெருப்பு இருந்ததா?
- அன்று வழக்கத்துக்கு மாறாக ஏதாவது நடந்ததா? புதிய வயர் இழுத்தீர்களா, புதிய சிலிண்டர் பூட்டினீர்களா, குப்பை எரித்தீர்களா?

கேட்கும் முறை முக்கியம். “நீதானே விளக்கை அணைக்காமல் விட்டது?” என்று கேட்டால் பிள்ளை பயத்தில் இல்லை என்று சொல்லும். பிறகு அந்த உண்மை வெளிவரவே வராது. காரணம் வேறு, குற்றம் வேறு. கவனயீனம் என்று நாங்கள் சொல்லும் பலவும் இடவசதி இல்லாமையும் களைப்பும்தான். வீட்டில் உள்ள முதியவர்களும் பிள்ளைகளும் பயமில்லாமல் சொல்லக்கூடிய விதமாகக் கேளுங்கள்.

தீ எங்கே தொடங்கியது?

எதனால் என்று கேட்பதற்கு முன் எங்கே என்று கேட்க வேண்டும். தீ விசாரணை செய்பவர்கள் எல்லா நாடுகளிலும் இந்த ஒழுங்கில்தான் வேலை செய்கிறார்கள். இடம் தெரியாமல் காரணத்தைச் சொன்னால் அது ஊகம்.

தீ மேல் நோக்கியும் பக்கவாட்டிலும் பரவும். சுவர் ஓரத்தில் தொடங்கிய தீ, கீழே ஒடுங்கி மேலே விரிந்த கரிய அடையாளத்தைச் சுவரில் விடும். அதன் கீழ்முனை தொடங்கிய இடத்தைக் காட்டலாம். மரத்தூண்களில் எந்தப் பக்கம் ஆழமாகக் கருகியிருக்கிறது என்று பாருங்கள். வெப்பம் வந்த பக்கம் கூடுதலாகக் கருகும். பல தூண்களின் கருகிய பக்கங்கள் ஒரே மூலையைப் பார்த்து இருந்தால் அந்த மூலையைக் கவனியுங்கள்.

ஆனால் கிடுகுக் கூரை, தறப்பாள் உள்ள வீட்டில் ஒரு சிக்கல் இருக்கிறது. எரியும் கிடுகு துண்டு துண்டாகக் கீழே விழும். தறப்பாள் உருகிச் சொட்டும். அவை விழுந்த இடங்களில் புதிதாகத் தீ பிடித்து நிலமட்டத்திலேயே கருகிய அடையாளம் ஏற்படும். இதனால் “இரண்டு மூன்று இடத்தில் நெருப்பு வைத்திருக்கிறார்கள்” என்று தோன்றும். அப்படி முடிவு செய்வதற்கு முன், அந்த இடத்துக்கு நேர் மேலே கூரை இருந்ததா, சாம்பலுக்குள் கூரையின் துண்டுகள் கிடக்கின்றனவா என்று பாருங்கள். அதேபோல, வாசலுக்கும் யன்னலுக்கும் அருகே காற்று கிடைப்பதால் தீ அங்கே கூடுதலாக எரியும். அதிகம் எரிந்த இடமே தொடங்கிய இடமாக இருக்க வேண்டும் என்பதில்லை.

ஓர் உதாரணம்

விளக்கத்துக்காக ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். ஓர் அம்மா, இரண்டு பிள்ளைகள், அம்மம்மா. கிடுகுக் கொட்டில். மேற்குப் பக்கத்தில் சாய்ப்பாக இறக்கிய குசினி. கிழக்கு வேலிக்கு அந்தப் பக்கம் உள்ள குடும்பத்தோடு எல்லைக்கல் பற்றி வாய்த்தர்க்கம் நடந்து ஒரு மாதம். மின்சாரம் கிடைத்து இரண்டு கிழமை. ஆடி மாதம். மாலை 5.30 இற்கு எல்லோரும் கோயிலுக்குப் போய்விட்டார்கள். 7.30 இற்கு வீடு எரிகிறது.

ஊரில் இரண்டு கதைகள் வருகின்றன. ஒன்று, பக்கத்து வளவுக்காரர் வைத்த நெருப்பு. மற்றது, புதிய கரன்ட்.

இப்போது இடத்தைப் பார்ப்போம். கிழக்கு வேலியின் மேற்பகுதிதான் எரிந்திருக்கிறது. நிலத்தோடு உள்ள கிடுகு எரியவில்லை. வெளியில் இருந்து வேலியில் நெருப்பு வைத்திருந்தால் கீழ்ப்பகுதி எரிந்திருக்கும். குசினியின் மேற்கு மூலைத் தூண் அடிவரை கருகியிருக்கிறது. பக்கத்துத் தூண்களும் அந்த மூலையைப் பார்த்த பக்கத்தில்தான் ஆழமாகக் கருகியுள்ளன. எதிர்வீட்டுப் பிள்ளை முதலில் கண்டது குசினி மூலையில் புகை. அப்போது கொட்டிலுக்குள் மின்குமிழ் எரிந்துகொண்டிருந்தது. அதாவது தீ தொடங்கியபோது மின்சாரம் வழமைபோல இருந்திருக்கிறது. வயரில் கோளாறு என்ற கதை இதனால் முற்றாக விழாவிட்டாலும் பலவீனமாகிறது.

அந்த மூலையில் என்ன இருந்தது? “அம்மம்மா, மத்தியானம் சமைச்ச சாம்பலை எங்க கொட்டினீங்கள்?” என்று மெதுவாகக் கேட்டபோது பதில் கிடைக்கிறது. மரக்கன்றுகளுக்குப் போடுவதற்காக உரப்பையில் அள்ளி அந்த மூலையில் வைத்திருக்கிறார். பக்கத்தில் பொச்சுமட்டையும் பன்னாடையும் இருந்தன.

சாம்பலுக்குள் மூடிக் கிடக்கும் தணல் பல மணி நேரம் உயிரோடு இருக்கும். வெளியே குளிர்ந்து தெரியும். பை கருகித் துளை விழுந்து காற்றுப் பட்டதும் பற்றும். ஆட்கள் போனதற்கும் தீ தெரிந்ததற்கும் இடையில் இரண்டு மணி நேரம் ஏன் என்பதையும் இது விளக்குகிறது. தென்மேற்கில் இருந்து அடித்த காற்று தீயைக் கிழக்கு வேலிக்குக் கொண்டு போயிருக்கிறது. அதனால்தான் அந்த வேலி எரிந்தது.

ஆகவே இந்த உதாரணத்தில் மிகவும் பொருத்தமான காரணம் தணல். நூற்றுக்கு நூறு என்று சொல்ல முடியாது. ஆனால் கண்ட எல்லாவற்றோடும் ஒத்துப்போவது இதுதான். மற்ற இரண்டு கதைகளும் ஒத்துப்போகவில்லை. அன்றிரவே பக்கத்து வளவுக்காரரின் பெயரைப் போட்டு முறைப்பாடு எழுதியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

பொதுவான காரணங்கள்: எதைத் தேடுவது?

குப்பி விளக்கு. இலங்கையில் எரிகாயங்களுக்குக் குப்பி விளக்கு ஒரு முக்கிய காரணமாக நீண்டகாலம் இருந்து வந்தது. சத்திரசிகிச்சை நிபுணரான விஜய கொடக்கும்புர தன்னிடம் வந்த எரிகாய நோயாளிகளைப் பார்த்து, விளக்கின் வடிவத்தில்தான் பிழை என்று கண்டார். பழைய போத்தலில் செய்த விளக்கு உயரமானது, இலேசானது, இலகுவில் சரியும். திரி செருகிய மூடி இறுக்கமாக இல்லாததால் எண்ணெய் கொட்டும். ஆகவே அவர் குட்டையான, பாரமான கண்ணாடியில், உருளாதபடி இரண்டு பக்கம் தட்டையாக, திருகி இறுக்கும் மூடியோடு ஒரு விளக்கை வடிவமைத்தார். அதற்காக 1998இல் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. “ஆர் தட்டி விழுத்தினது?” என்பதோடு நிற்காமல் “ஏன் விழுந்தது? ஏன் கொட்டியது?” என்று கேட்டதால் கிடைத்த பலன் அது.

உங்கள் வீட்டில் விளக்கு இருந்த இடத்தைப் பாருங்கள். போத்தல் எங்கே கிடக்கிறது? மூடி எங்கே? எண்ணெய் எங்கே வாங்கியது? மண்ணெண்ணெயில் பெற்றோல் கலந்திருந்தால் விளக்கு வெடித்துப் பற்றலாம். மண்ணெண்ணெய் ஏறக்குறைய 38 பாகை செல்சியஸுக்கு மேல் சூடானால்தான் பற்றக்கூடிய ஆவியைப் போதியளவு விடும். பெற்றோல் சாதாரண வெயிலிலேயே, குளிரிலும்கூட விடும். பெற்றோல் இருந்த கானில் மண்ணெண்ணெய் வாங்குவதும் ஆபத்துத்தான்.

அடுப்பு. அடுப்புக்கு மேலே விறகு காயவைக்கும் பரண், அடுப்போடு ஒட்டிய கிடுகுச் சுவர், சாம்பல் கொட்டும் இடம் ஆகிய மூன்றையும் பாருங்கள்.

நுளம்புத்திரி. ஒரு சுருள் பல மணி நேரம் தணலாக எரியும். மெத்தை, நுளம்பு வலை, துணி என்பவற்றில் பட்டால் முதலில் சுவாலை இல்லாமல் புகைந்து, பிறகு பற்றும். படுக்கை இருந்த இடத்தில் ஆழமான கருகல் இருந்தால் இதைக் கேளுங்கள்.

மின்சாரம். பூட்டிக் கிடந்த வீட்டில் வயரின் இறப்பர் வெடித்திருக்கும், எலியும் அணிலும் கடித்திருக்கும். கொட்டில்களில் தகரத்தின் விளிம்பு வயரை வெட்டும். முறுக்கி ஒட்டிய இணைப்புகள் சூடாகும். பியூஸ் கம்பி போன இடத்தில் தடித்த செம்புக் கம்பியைக் கட்டினால், வயர் சூடாகும்போது பியூஸ் அறாது. ட்ரிப் சுவிட்ச் மின் கசிவு ஏற்படும்போது விழும். ஆனால் ஒரே பிளக்கில் அளவுக்கு மேல் பொருத்திச் சூடாவதை அது தடுக்காது.

காஸ். 2021 இறுதியில் நாட்டின் பல பகுதிகளிலும் காஸ் அடுப்புகளும் குழாய்களும் வெடித்த சம்பவங்கள் அடுத்தடுத்து நடந்தன. ஒவ்வொரு வீட்டையும் தனியாகப் பார்த்தால் “அந்த வீட்டாரின் கவனயீனம்” என்று முடித்திருக்கலாம். பல சம்பவங்களை ஒன்றாக வைத்து ஆராய்ந்த, ஜனாதிபதி நியமித்த குழு, சிலிண்டரில் அடைத்த வாயுக்கலவையின் விகிதம் மாற்றப்பட்டதை முக்கிய காரணமாகக் குறிப்பிட்டது. ஆகவே சிலிண்டர், ரெகுலேட்டர், குழாய், அடுப்பு ஆகியவற்றை எறியவோ விற்கவோ வேண்டாம். பற்றுச்சீட்டையும் வைத்திருங்கள். அவையே உங்கள் சாட்சி.

பற்றை, குப்பை எரித்தல். காணி துப்புரவாக்கும்போது வைத்த நெருப்பு இரவில் காற்று மாறி வரலாம். வெடிபொருள் அகற்றப்பட்டதாக உறுதிசெய்யப்படாத காணியில் ஒருபோதும் எரிக்க வேண்டாம்.

ஏமாற்றும் அடையாளங்கள்

பின்வருவனவற்றை வைத்து மட்டும் முடிவுக்கு வர வேண்டாம்.

“வயர் உருகிக் குண்டுமணி போல இருக்கிறது, ஆகவே மின்னொழுக்கு.” வேறு காரணத்தால் வீடு எரிந்தாலும், தீ வயரின் இறப்பரை எரித்ததும் கம்பிகள் முட்டிப் பொறி பறக்கும். அப்போதும் அதே குண்டுமணி உண்டாகும். அது தீயின் காரணமாக இருக்கலாம், விளைவாகவும் இருக்கலாம்.

“பெரிய வெடிச் சத்தம் கேட்டது, ஆகவே குண்டு அல்லது சிலிண்டர்.” அஸ்பெஸ்டஸ் தகடு சூடேறும்போது பலத்த சத்தத்தோடு வெடித்துச் சிதறும். மூங்கில், மூடிய ரின்கள், வாசனைத் திரவிய ரின்கள், தேங்காய் என்பவையும் வெடிக்கும். சத்தம் தீக்கு முன் கேட்டதா, பின் கேட்டதா என்பதே முக்கியம்.

“கண்ணாடி வலைபோல வெடித்திருக்கிறது, சீமெந்து பெயர்ந்திருக்கிறது, மரம் பெரிய பாளமாகப் பளபளப்பாகக் கருகியிருக்கிறது, ஆகவே பெற்றோல் ஊற்றியிருக்கிறார்கள்.” விசாரணையாளர்களே ஒரு காலத்தில் இப்படி நம்பினார்கள். பிறகு செய்த பரிசோதனைகள் இது பிழை என்று காட்டின. சூடான கண்ணாடியில் தண்ணீர் பட்டாலும் வலைபோல வெடிக்கும். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் 1991இல் ஒரு வீடு எரிந்து மூன்று பிள்ளைகள் இறந்தார்கள். இப்படியான அடையாளங்களை வைத்து, தீ வைத்தவர் தகப்பனே என்று தீர்ப்பாகி, 2004இல் அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. அந்த அடையாளங்கள் தீ வைத்ததை நிரூபிக்கப் போதாதவை என்று தீ விஞ்ஞானிகள் பின்னர் எடுத்துக்காட்டினார்கள். பயிற்சி பெற்றவர்களே பிழைவிட்ட இடம் இது. நாங்கள் அவசரப்படக் கூடாது.

வேண்டுமென்றே வைத்த தீ என்று சந்தேகித்தால்

சந்தேகத்துக்கு இடம் தரும் விடயங்கள் உண்டு: தீ பிடிக்க எந்தக் காரணமும் இல்லாத இடத்தில், வெளிப்புறத்தில், நிலமட்டத்தில் தொடங்கியிருப்பது, உங்களுக்குச் சொந்தமில்லாத கான் அல்லது போத்தல் கிடப்பது, பெற்றோல் மணம், முன்னர் வந்த மிரட்டல்.

அப்படியானால் எதையும் தொடாமல் பொலிஸாரை அழையுங்கள். நிலத்து மண்ணையும் எரிந்த துணியையும் அரச இரசாயனப் பகுப்பாய்வாளரின் பரிசோதனைக்கு அனுப்பலாம். எரிபொருள் ஆவியாகிப் போகும் என்பதால் தாமதிக்கக்கூடாது. மாதிரியை நீங்கள் எடுக்க வேண்டாம், பொலிஸார் எடுக்கட்டும். முறைப்பாட்டில் கண்டதையும் கேட்டதையும் வேறுபடுத்திச் சொல்லுங்கள். “இன்னார் வைத்தார்” என்று சொல்வதற்கும், “இன்ன திகதியில் இன்னார் இப்படி மிரட்டினார், தீயன்று அவரை நான் காணவில்லை” என்று சொல்வதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. இரண்டாவது உண்மை. விசாரணைக்கு உதவுவதும் அதுதான்.

யாரிடம் சொல்வது?

1. பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு செய்யுங்கள். எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். உங்களுக்கு விளங்காத மொழியில் எழுதியிருந்தால் விளக்கம் கேட்ட பிறகே கையொப்பமிடுங்கள். முறைப்பாட்டின் பிரதியையும் இலக்கத்தையும் கேட்டு வாங்குங்கள்.

2. கிராம அலுவலருக்கு எழுத்தில் அறிவியுங்கள். எரிந்த பொருட்களின் பட்டியலையும் படங்களையும் இணையுங்கள். அவர் ஊடாகப் பிரதேச செயலகத்தின் அனர்த்த நிவாரண உத்தியோகத்தருக்குத் தகவல் போகும்.

3. உயிரிழப்பு ஏற்பட்டிருந்தால் திடீர் மரண விசாரணை அதிகாரி விசாரிப்பார். அதுவரை இடத்தைக் கலைக்கக்கூடாது.

4. எரிந்த ஆவணங்களை மீளப் பெறலாம். தேசிய அடையாள அட்டைக்குக் கிராம அலுவலர் ஊடாக விண்ணப்பிக்கலாம். பிறப்பு, விவாகச் சான்றிதழ்களின் பிரதிகளைப் பிரதேச செயலகத்தில் பெறலாம். பதிவுசெய்த காணி உறுதியின் பிரதிக்குக் காணிப் பதிவகத்துக்கும், அரச காணி அனுமதிப்பத்திரத்துக்குப் பிரதேச செயலகத்துக்கும் செல்லுங்கள்.

திரும்பக் கட்டும்போது

கண்டறிந்த காரணத்தை முதலில் மாற்றுங்கள். குசினியைப் படுக்கையில் இருந்து பிரித்துக் கட்டுங்கள். அடுப்புப் பக்கச் சுவரை மண்ணால் அல்லது தகரத்தால் அமையுங்கள். வீட்டுக்கும் வேலிக்கும் எட்டவாக ஒரு சாம்பல் கிடங்கு வெட்டி, கொட்டியதும் தண்ணீர் ஊற்றுங்கள். பழைய வயறிங்கைத் தகுதியான மின்னியலாளர் பரிசோதிக்கும்வரை இணைப்புக் கொடுக்க வேண்டாம். விளக்கைத் தட்டுப்படாத இடத்தில், மணல் நிரப்பிய தட்டில் வையுங்கள். வாசலருகே ஒரு வாளி தண்ணீரும் ஒரு வாளி மணலும் எப்போதும் இருக்கட்டும்.

பிறகு, கண்டறிந்ததைக் கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்திலோ மாதர் சங்கத்திலோ சொல்லுங்கள். யாருடைய பிழை என்று சொல்லத் தேவையில்லை. “எங்கட வீட்டில் சாம்பல் பையில் இருந்துதான் பற்றினது” என்று ஒரு அம்மா எழுந்து சொன்னால், அன்று மாலையே நாலைந்து வீடுகளில் சாம்பல் பை குசினியை விட்டு வெளியே போகும்.

அவசரத் தொலைபேசி இலக்கங்கள்

பொலிஸ்: 119
தீயணைப்பு: 110
அம்புலன்ஸ்: 1990
அனர்த்த முகாமைத்துவ நிலையம்: 117
மின்சார சபை: 1987

இந்தப் பக்கத்தைக் கிழித்துச் சுவரில் ஒட்டி வையுங்கள். அடுப்புக்கு எட்டவாக ஒட்டுங்கள்.